காயத்தைப் பார்த்து என்ன நடந்தது என்று சொல்ல முடியுமா?

நீங்கள் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறீர்கள். காயங்களை வைத்து எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்கும் தடயவியல் வேலைக்குப் போக ஆசை. அதற்கு எம்பிபிஎஸ் படித்திருக்க வேண்டுமா, இந்தியாவில் அப்படி ஒரு வேலை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் "காயத்தை வைத்துக் கண்டுபிடிக்கும்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது எந்த அளவுக்கு முடியும் என்பதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் தெரியாமல் இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்று சீக்கிரமே வெறுத்துப்போகிறார்கள், இல்லாவிட்டால் ஆபத்தான நிபுணர்களாக ஆகிவிடுகிறார்கள். நான் டாக்டர் இல்லை. மெக்கானிக்கல் படித்து, நெடுஞ்சாலை விபத்து நடந்த இடங்களுக்கே போய் அளந்து பதிவு செய்யும் ஒரு குழுவில் சில வருடம் இருந்து, அப்புறம் மோதல் பயோமெக்கானிக்ஸில், அதாவது மோதலில் வரும் விசை உடம்பை என்ன செய்கிறது என்று ஆராயும் துறையில், பிஎச்டி முடித்தவன். இந்தத் துறைக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது.

முதலில் யார் எதைச் செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். பிரேதப் பரிசோதனை செய்வது தடயவியல் மருத்துவர். என்ன காயம், எவ்வளவு ஆழம், உயிரோடு இருந்தபோது பட்டதா, எதனால் உயிர் போனது என்பதையெல்லாம் அவர்தான் சொல்ல வேண்டும், அதில் நாம் தலையிடக் கூடாது. நம்முடைய கேள்வி அதற்கு அடுத்தது. இந்த எலும்பு இப்படி உடைய எவ்வளவு விசை, எந்தத் திசையில், எவ்வளவு நேரம் வேண்டும்? சாட்சிகள் சொல்லும் சம்பவத்தில் அவ்வளவு விசை வந்திருக்குமா? "தடுமாறி விழுந்தார்" என்கிறது ஒரு தரப்பு, "உருட்டுக்கட்டையால் அடித்தார்கள்" என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு கதைகளையும் இயற்பியலில் போட்டுப் பார்ப்பதுதான் காய பயோமெக்கானிக்ஸ் நிபுணரின் வேலை. அதனால் எம்பிபிஎஸ் கட்டாயம் இல்லை. ஆனால் உடற்கூறு தெரியாமல் ஒரு அடிகூட நகர முடியாது.

இதில் பயன்படும் கணக்கு நீங்கள் பிளஸ் டூவிலேயே படித்ததுதான். நிற்கும் ஒருவருடைய தலை சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் மோதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மோதும்போது வேகம் நொடிக்கு 5.4 மீட்டர், அதாவது மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மரம் சாய்வது மாதிரி உடம்பு விறைப்பாகச் சாய்ந்தால் இதைவிடக் கூடுதல். சிமென்ட் தரையில் அந்தத் தலை 5 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், சராசரி வேகக்குறைவு புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல 300 மடங்கு. அதே தலையில் ஹெல்மெட் இருந்து, உள்ளே இருக்கும் தெர்மாகோல் 25 மில்லிமீட்டர் நசுங்கிக்கொடுத்தால் அது 60 மடங்குக்கு இறங்கிவிடுகிறது. விழுந்த உயரமும் வேகமும் மாறவில்லை, நிற்பதற்குக் கிடைத்த தூரம் மட்டும்தான் மாறியது. விபத்தில் கிடைத்த ஹெல்மெட்டை நாங்கள் பத்திரமாகப் பிரித்துப் பார்ப்பதும் இதற்காகத்தான். நசுங்கிய தெர்மாகோல் பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பாது. எங்கே, எவ்வளவு அழுத்தத்தில் அடி விழுந்தது என்பதை அது அப்படியே வைத்திருக்கும். மேல் ஓட்டில் சிராய்ப்பு இருந்து உள்ளே நசுங்கலே இல்லை, தலையில் மட்டும் எலும்பு முறிவு என்றால், பட்டியைப் போடாமல் வந்தாரோ, ஹெல்மெட் முதலிலேயே கழன்று போயிருக்குமோ என்று தேட ஆரம்பிப்போம்.

சரி, 300 மடங்கு என்றால் தலை உடையுமா? இங்கேதான் பாடப்புத்தக இயற்பியல் நின்றுபோகிறது. மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு நூற்றாண்டாக மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1917ல் பயிற்சி விமானங்கள் வானத்தில் மோதிக்கொண்டதில் உயிர்பிழைத்த ஹ்யூ டிஹேவன், தான் மட்டும் ஏன் பிழைத்தோம் என்ற கேள்வியை விடவே இல்லை. 1942ல், 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் சாகாதவர்களை எடுத்து ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். எங்கே விழுந்தார்கள், விழுந்த இடம் எவ்வளவு உள்வாங்கியது என்பதைத்தான் அவர் அளந்தார். இந்தத் துறையின் அடித்தளம் அந்தக் கட்டுரை. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப் 1954 டிசம்பரில் ராக்கெட் பொருத்திய வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு 632 மைல் வேகத்துக்குப் போய் ஒன்றரை நொடிக்குள் நின்றார். உச்சத்தில் வேகக்குறைவு புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல 46 மடங்கு. கண்ணில் ரத்தம் கட்டி, சிறிது நேரம் பார்வை தெரியாமல் இருந்து, பிழைத்துக்கொண்டார். டெட்ராய்ட்டில் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தானமாகப் பெற்ற சடலங்களின் தலைகளைத் தட்டையான பரப்பில் மோதவிட்டு, எவ்வளவு நேரத்துக்கு எவ்வளவு முடுக்கம் வந்தால் மண்டை ஓடு விரிசல் விடுகிறது என்று ஒரு வளைகோடு வரைந்தார்கள். கார் பாதுகாப்புச் சோதனையில் இன்றைக்கும் பயன்படும் தலைக்காய அளவுகோல், ஹெச்ஐசி என்பது, அந்தக் கோட்டிலிருந்து வந்ததுதான்.

அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நீதிமன்றத்துக்குத் தூக்கிப்போவதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. ஹெச்ஐசி 1000 என்றால் தலை உடைந்துவிடும், 999 என்றால் ஒன்றும் ஆகாது என்று அர்த்தம் கிடையாது. 1000 என்பது உயிருக்கு ஆபத்தான தலைக்காயம் ஏற்பட சுமார் 18 சதவீத வாய்ப்பு என்றுதான் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அதே அடியில் ஒருவர் எழுந்து நடந்து போவார், இன்னொருவர் போய்ச் சேர்ந்துவிடுவார். மேலும் அது நேர்கோட்டு முடுக்கத்தை மட்டுமே பார்க்கிறது. மூளை தலைக்குள் சுழன்று திருகுவதால் வரும் சேதத்தைப் பற்றி ஆக்ஸ்போர்டில் இயற்பியலாளர் ஹோல்போர்ன் 1943லேயே சொல்லிவிட்டார், இந்த அளவுகோலுக்குள் அது வரவே இல்லை. சோதனைகளில் உட்கார வைக்கும் ஹைப்ரிட் 3 பொம்மை 1976ல் ஜெனரல் மோட்டார்ஸ் உருவாக்கியது. எடை 78 கிலோ, உயரம் 175 சென்டிமீட்டர், சராசரி அமெரிக்க ஆண். பல்லடம் ரோட்டில் மொபெட்டில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போன 45 கிலோ எடையுள்ள 60 வயது அம்மாவுக்கு அந்த எண்ணைப் பொருத்தினால் எவ்வளவு தூரம் சரிவரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கார் வடிவமைக்கிறவருக்கு ஆயிரம் பேரில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பது போதும். நீதிமன்றம் கேட்பது இந்த ஒரு ஆளுக்கு என்ன ஆனது என்று. கூட்டத்துக்கான கணக்கை ஒரு ஆள்மேல் வைப்பதில் இருக்கும் இடைவெளி, எவ்வளவு பெரிய கணினி மாடல் வந்தாலும் மூடாது.

அப்படியானால் நிச்சயமாகச் சொல்லக்கூடியது எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது, நிறையவே இருக்கிறது. லத்தி மாதிரி உருண்டையான கழியால் வேகமாக அடித்தால் தோலில் தண்டவாளம் போல இரண்டு இணைகோடுகளாகக் கன்றும், நடுவில் வெளிறியிருக்கும். அடிபட்ட இடத்தில் ரத்தம் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, ஓரங்களில் தோல் இழுபட்டு நுண்குழாய்கள் கிழிவதால் அப்படி ஆகிறது. இதைப் பார்த்துவிட்டு "தரையில் விழுந்தார்" என்று ஒருவர் சொன்னால் ஏற்க முடியாது. பின்பக்கமாக விழுந்து பின்மண்டை தரையில் மோதினால், அடிபட்ட இடத்தைவிட எதிர்ப்பக்கம், அதாவது மூளையின் முன்பகுதியில், கன்றல் அதிகமாக இருப்பது வழக்கம். அசையாமல் இருந்த தலையில் கட்டையால் அடித்தால் அடிபட்ட இடத்துக்கு நேர் கீழேதான் சேதம் கூடுதல். இது ஏன் இப்படி என்பதற்கான விளக்கத்தில் இன்னும் விவாதம் நடக்கிறது, ஆனால் வடிவம் என்னவோ திரும்பத் திரும்ப அப்படித்தான் வருகிறது.

நம் ஊரில் அதிகம் வரும் கேள்வி, வண்டியை ஓட்டியது யார் என்பது. காரில் இரண்டு பேர், ஒருவர் இறந்துவிட்டார், பிழைத்தவர் "அவன்தான் ஓட்டினான்" என்கிறார். நமக்கு ஸ்டீயரிங் வலதுபக்கம். ஓட்டுநரின் சீட் பெல்ட் வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு இறங்கும், பக்கத்தில் இருப்பவருக்கு இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு. மார்பில் இருக்கும் கன்றல் கோடு யார் எந்த சீட்டில் இருந்தார் என்று சொல்லிவிடும். கண்ணாடியும் சொல்லும். பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்தால் கற்கண்டு போல சின்னச் சின்னக் கட்டிகளாக உதிரும், அது முகத்தில் பட்டால் சிறு சதுரங்களாகவும் கோணங்களாகவும் கீறல் விழும். முன்பக்கக் கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் படலம் உள்ளது, அது நீளமான கீறல்களைத் தரும். ஓட்டுநருக்கு வலது கன்னம்தான் ஜன்னல் பக்கம்.

என் தொடக்க காலத்தில் இப்படி ஒரு வழக்கு. இறந்த பையனின் மார்பெலும்பு முறிந்திருந்தது, ஸ்டீயரிங் வளைந்திருந்தது, அவன்தான் ஓட்டினான் என்று வரைவு அறிக்கை எழுதிவிட்டேன். எழுதி முடித்ததைப் படித்த ஒரு மூத்த தடயவியல் மருத்துவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, கண்ணாடிக் கீறல் எந்தப் பக்கம்?" போட்டோக்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இடது கன்னம் முழுக்க. பிழைத்தவருடைய மருத்துவமனைக் குறிப்பில் வலது நெற்றியில் சிறு கீறல்கள் என்று இரண்டே வார்த்தை இருந்தது, அதை நான் தாண்டிப் போயிருக்கிறேன். மார்பெலும்பு டேஷ்போர்டில் மோதினாலும் முறியும். பிரேக் பெடலின் ரப்பர் வரிகள் பதிந்த செருப்பு யாருடையது என்று தேடச் சொல்லி எழுதினேன், அதுவும் பிழைத்தவருடையதாகத்தான் இருந்தது. ஒரு எலும்பையும் ஒரு இரும்பையும் சேர்த்து வைத்து, இறந்துபோன ஒருவன் தலையில், அவன் குடும்பத்தின் இழப்பீட்டின் மேல், பழியைப் போட இருந்தேன். வண்டி உருண்டிருந்தால் இந்த அடையாளங்கள்கூடக் குழம்பிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், உருண்ட வண்டியில் ஆட்கள் இடம் மாறியிருப்பார்கள்.

சந்தேகத்துக்குரிய பகுதி எது என்றால், உயரத்திலிருந்து விழுந்த சாவுகளை முதலில் சொல்வேன். மொட்டை மாடியிலிருந்து தவறி விழுந்தாரா, குதித்தாரா, தள்ளினார்களா? 10 மீட்டர் உயரம் என்றால் தரைக்கு வர 1.4 நொடி ஆகும். சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிக் கிடக்கிறார் என்பதை அந்த நேரத்தால் வகுத்தால் கிளம்பிய வேகம் கிடைக்கும். கால் வழுக்கியவர் சுவரை ஒட்டியே கிடப்பார், ஓடிவந்து குதித்தவர் நாலைந்து மீட்டர் தள்ளிப் போவார். இடையில் இரண்டு மீட்டரில் கிடந்தால்? நடந்துகொண்டே விளிம்பைத் தாண்டியவரும் அங்கேதான் வருவார், முதுகில் கை வைத்துத் தள்ளப்பட்டவரும் அங்கேதான் வருவார். கணக்கு இரண்டையும் பிரித்துக் காட்டாது.

இதைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலிய வழக்கு ஒன்று இருக்கிறது, என்னிடம் வேலை பழகுகிற எல்லோருக்கும் அதைப் படிக்கச் சொல்கிறேன். 1995ல் சிட்னியின் தி கேப் என்ற கடற்கரைச் செங்குத்துப் பாறையின் அடியில் ஒரு இளம்பெண்ணின் உடல் கிடந்தது. பாறையிலிருந்து ஏறக்குறைய 11.8 மீட்டர் தள்ளி விழுந்திருக்கிறார், அந்த வேகத்தில் அவரால் தானாகக் குதித்திருக்க முடியாது, பலமான ஒரு ஆண் தூக்கி எறிந்திருக்க வேண்டும் என்று ஒரு இயற்பியல் பேராசிரியர் சாட்சி சொன்னார். சும்மா சொல்லவில்லை, நீச்சல் குளத்தில் ஆட்களை வைத்துச் சோதனை செய்து பார்த்துத்தான் சொன்னார். 2008ல் அந்தப் பெண்ணின் காதலர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 2012ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. உடல் சரியாக எங்கே கிடந்தது என்பதே உறுதியில்லை, பல வருடம் கழித்துத்தான் அந்த இடத்தைக் குறிக்க முயன்றார்கள். விழுந்த தூரம் கொஞ்சம் குறைந்தாலே "எறிந்தார்" என்பது "குதித்தார்" ஆகிவிடும். நிபுணர் தன் துறைக்கு வெளியே போய்விட்டார் என்றும் நீதிபதிகள் கடுமையாக எழுதினார்கள். கணக்கில் தப்பு இல்லை. கணக்குக்குள் போட்ட தூரமும், கணக்கிலிருந்து எடுத்த முடிவும்தான் வழுக்கிவிட்டன. ஒரு மனிதர் அதற்காக மூன்று வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார்.

சந்தேகத்துக்குரிய இன்னொரு பகுதி, குழந்தைகளைக் குலுக்குவதால் வரும் மூளைக்காயம். 1987ல் பிலடெல்பியாவில் மருத்துவர் டுஹைமின் குழுவினர் பொம்மைகளை வைத்துச் செய்த சோதனையில், குலுக்கும்போது வரும் முடுக்கத்தைவிட எதன்மேலாவது மோதும்போது வருவது சுமார் 50 மடங்கு என்று கண்டார்கள். அன்றிலிருந்து மருத்துவர்களுக்கும் பயோமெக்கானிக்ஸ்காரர்களுக்கும் இடையே சண்டை ஓயவில்லை. பொம்மையின் கழுத்து நிஜக் குழந்தையின் கழுத்து கிடையாது. குழந்தையின் மூளைத்திசு எவ்வளவு தாங்கும் என்று நேரடியாகச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை, வழி இருக்கவும் கூடாது. இந்த விஷயத்தில் யாராவது அடித்துச் சொன்னால், எந்தப் பக்கமாக இருந்தாலும், நான் சந்தேகமாகத்தான் பார்ப்பேன்.

அதனால் எங்கள் அறிக்கைகளில் அதிகம் வரும் வார்த்தை "ஒத்துப்போகிறது" என்பதுதான். இந்தக் காயம் கீழே விழுந்ததோடு ஒத்துப்போகிறது. கட்டை அடியோடு ஒத்துப்போகவில்லை. அதற்கு மேல் "ஆகவே இவர்தான் அடித்தார்" என்று ஒரு வரி எழுதச் சொல்லி எல்லா வக்கீல்களும் கேட்பார்கள், போலீஸும் கேட்கும். நிபுணர் கருத்து பொருத்தமான சான்று என்று முன்பு இந்திய சாட்சியச் சட்டம் 45ம் பிரிவு சொன்னதை இப்போது பாரதிய சாட்சிய அதிநியம் 39ம் பிரிவு சொல்கிறது. அது கருத்து மட்டும்தான், தீர்ப்பு எழுத வேண்டியவர் நீதிபதி.

இனி பிழைப்பு. இந்தியாவில் "காய பயோமெக்கானிக்ஸ் விஞ்ஞானி" என்று பெயர் போட்ட அரசுப் பதவியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள். வேறு வேறு வாசல் வழியாகத்தான் வர வேண்டும். மருத்துவம் படித்தவர்கள் எம்டி தடயவியல் மருத்துவம் வழியாக வருகிறார்கள். இயற்பியல் படித்தவர்கள் மாநிலத் தடயவியல் ஆய்வகங்களின் இயற்பியல் பிரிவுக்குப் போகலாம். சென்னைக்கு இதில் பழைய வரலாறு உண்டு, இந்தியாவின் முதல் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849ல் மதராஸில்தான் வந்தது. 1991ல் ராஜீவ் காந்தி கொலையில், ஸ்ரீபெரும்புதூரில் சிதறிக் கிடந்த உடல் பாகங்களையும் துணித் துண்டுகளையும் வைத்து, குண்டு இடுப்பில் கட்டி வந்தது என்று நிறுவியவரும் தமிழகத் தடயவியல் துறையின் இயக்குநராக இருந்த சந்திரசேகரன்தான். காயம் எந்தப் பக்கம் எவ்வளவு என்பதிலிருந்து பின்னோக்கி யோசிப்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் தமிழில் சொல்லக் கிடைக்காது.

உங்களைப் போன்ற மெக்கானிக்கல்காரர்களுக்கு நல்ல வாசல் விபத்து ஆராய்ச்சி. ஐஐடி டெல்லியில் தினேஷ் மோகன் உருவாக்கி வளர்த்த போக்குவரத்துக் காயத் தடுப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அவர் மிச்சிகனில் பயோமெக்கானிக்ஸ் படித்துவிட்டு வந்து, காரோடு நிற்காமல், தீவனம் வெட்டும் இயந்திரத்தில் விவசாயிகளின் கை போவதையும் ஆராய்ந்தவர். 2021ல் கொரோனாவில் இறந்துபோனார். ஐஐடி மெட்ராஸில் சாலைப் பாதுகாப்புக்கென்று மையம் இருக்கிறது, கோயம்புத்தூரைச் சுற்றிய நெடுஞ்சாலைகளில் தொடங்கிய ராஸ்ஸி என்ற விபத்துத் தரவுத் திட்டம் இருக்கிறது, ஒரகடத்தில் மோதல் சோதனைக்கூடம் இருக்கிறது. 2022ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள், அதில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், எனவே படிக்க வேண்டிய காயங்களுக்குப் பஞ்சம் இல்லை, அது வருத்தமான உண்மை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 7 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது, அதனால் ஆட்கள் தேவையும் கூடும். தனியாக நிபுணர் சாட்சியாக மட்டும் இருந்து குடும்பம் நடத்துவது இங்கே இன்னும் கஷ்டம். அமெரிக்காவில் அது ஒரு முழுத் தொழில், பெரும்பாலும் இழப்பீட்டு வழக்குகள். என் வருமானத்தின் பெரிய பங்கு இன்றும் வாகன நிறுவனங்களுக்கான ஆராய்ச்சியிலிருந்து வருகிறது, வழக்குகள் அதற்குப் பக்கத்தில்தான்.

இப்போதே செய்யக்கூடியது என்ன? கடைசி வருட புராஜெக்ட்டுக்கு ஒரு ஹெல்மெட் சோதனை எடுத்துக்கொள்ளுங்கள், வெறும் சிமுலேஷன் வேண்டாம், கையால் அளந்து பாருங்கள், ஒரே சோதனையைப் பத்துத் தடவை செய்தால் பத்து விடை வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். புள்ளியியலை ஒழுங்காகப் படியுங்கள். நம் ஊர் காயச் சான்றிதழ்களையும் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளையும் படிக்கப் பழகுங்கள், சிராய்ப்பு, கன்றல், கிழிந்த காயம், வெட்டுக்காயம் ஒவ்வொன்றும் வேறு. அதற்கெல்லாம் முன்பு, உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவத் துறைத் தலைவருக்கு உங்கள் கல்லூரி வழியாக ஒரு கடிதம் எழுதி, பிணவறையில் ஒரு நாள் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். வாசலில் காத்திருக்கும் சொந்தக்காரர்களையும் பாருங்கள், நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு வரியும் அவர்களிடம்தான் போகும். அந்த நாளுக்கு அப்புறமும் இந்த வேலைதான் வேண்டும் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள். மேற்படிப்புக்கு யாரிடம், என்ன தலைப்பில் விண்ணப்பிக்கலாம் என்று உங்கள் மதிப்பெண்ணையும் புராஜெக்ட்டையும் வைத்துப் பேசலாம்.